அப்புச்சி விட்டுப்போன அம்பாசடரை என்ன செய்வது?

அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) 1967 மாடல் அம்பாசடர் கார், பொள்ளாச்சிப் பக்கம் தோப்புச் சாளையில் (தோப்பில் இருக்கும் கொட்டகையில்) தேங்காய் மட்டைக் குவியலை ஒட்டி 14 வருஷம் நின்றது. அப்புச்சி போய் 6 வருஷம் ஆகிறது. சாளையைப் பிரித்துக் கட்டப் போகிறோம், வண்டியை யாராவது எடுத்துக்கொண்டு போங்கள் என்று பெரிய மாமா சொன்ன பிறகுதான் குடும்பத்தில் அத்தனை பேருக்கும் அதன்மேல் பாசம் பொங்கியது. பெரிய மாமாவுக்கு அது பழையபடி அப்படியே ஆகவேண்டும். சின்ன மாமாவுக்கு இசுசு இன்ஜின் போட்டு, ஏ.சி. வைத்து, பழனிக்கு ஒரே மிதியில் போய்வர வேண்டும். தம்பி தன் போனில் ஏதோ படத்தைக் காட்டி, கூரையைத் தாழ்த்தி அகல டயர் போட்டு மேட் கறுப்பு அடிக்கலாம் என்றான். அம்மா மட்டும், "எதுக்குடா இந்த வேலை, எடைக்குப் போட்டா வர்றத வாங்கிட்டுப் போவியா" என்றார். கடைசியில் வண்டி என் தலையில் விழுந்தது.

ஏழெட்டு மாதம் அலைந்து, கோயம்புத்தூர் லேத் பட்டறைகளிலும் உக்கடம் பழைய இரும்புக் கடைகளிலும் ஒருமுறை சென்னை புதுப்பேட்டையிலும் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதே மாதிரி வீட்டு வண்டி ஒன்று கையில் வந்து முழிப்பவர்களுக்கு உதவும். உங்களுடையது பிரீமியர் பத்மினியாக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது, இன்ஜின் விவரம் மட்டும் மாறும்.

முதலில் பேப்பர், ஏனென்றால் ஆர்.சி. (பதிவுச் சான்று) இறந்தவர் பேரில் இருக்கும்வரை நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாயும் சட்டப்படி வேறொருவர் வண்டிக்குப் போட்ட ரூபாய். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் கருமாதி முடிந்து பட்டா, சிட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கவே மூன்று மாதம் ஆகிவிடும், மூலையில் நிற்கும் காரை யார் நினைப்பது? வாரிசுச் சான்றிதழில் பேர் இருக்கும் எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கும் வேலை இருக்கிறதே, அதை வண்டியில் கை வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வண்டி பளபளவென்று ஆன பிறகு கேட்டால் கையெழுத்தின் விலை ஏறிவிடும், நம் சொந்தங்களைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று துருவைச் சுரண்டிப் பாருங்கள். டாக்ஸியாக ஓடிய அம்பாசடர்களில் பாதியில் இன்ஜின் மாற்றி, எழுதாமல் விட்டிருப்பார்கள். எங்களுடையது பொருந்தியது. நம்பர் பிளேட்டும் தமிழ்நாடு என்று பேர் வருவதற்கு முந்தைய, மதராஸ் மாநிலக் காலத்து 'எம்' எழுத்தில் தொடங்குவது. பெரிய மாமா அந்த நம்பருக்காகவே சண்டை போடுவார்.

இப்போது ஒரு விசித்திரமான கணக்கு. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக வண்டி, பாடி, சேஸிஸ், இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசலாக இருந்தால் விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்கு. அதன் பிறகு மறுபதிவுக்கு 5,000. இன்னொரு பக்கம், சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டால் 5 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். ஆக, முதல் 10 வருஷத்துக்கு இரண்டு பக்கமும் அதே 20,000தான் (பசுமை வரி, தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று ஏறும் அபராதம் எல்லாம் தனி). காசில் வித்தியாசம் இல்லை, ஓட்டுவதில்தான் இருக்கிறது. விண்டேஜ் என்று பதிந்த வண்டியைச் சும்மா ரோட்டில் எடுத்துக்கொண்டு போக முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆழியாறு வரைக்கும் ஒரு சுற்று என்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

இதைப் பெரிய மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்ப மாப்பிள்ளை அழைப்புக்கு எடுக்க முடியாதா?" என்றார். முடியாது மாமா.

பேப்பருக்கு அடுத்தது தகடு. இன்ஜினைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் எந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது என்பதைத் துருதான் தீர்மானிக்கிறது. அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் சட்டம் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், பின் பட்டை ஸ்பிரிங் வந்து மாட்டும் இடம், டிக்கித் தரை, மட்கார்டின் உள்மடிப்பு, இந்த ஐந்தையும் பார்த்துவிட்டால் மீதியெல்லாம் அழகுப் பிரச்சினைதான். ஒரு மழுங்கல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்துங்கள், உள்ளே போனால் அங்கே இருப்பது தகடு அல்ல, பெயின்ட். துணி சுற்றிய காந்தத்தை வைத்துத் தடவுங்கள், ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு. நண்பர் ஒருவர் ஒரு பட்டறையில் கொடுத்து, துருவின்மேலேயே பட்டி போட்டு மெழுகிப் பெயின்ட் அடித்து வாங்கி வந்தார், கல்யாண வண்டி மாதிரி ஜொலித்தது. இரண்டாவது மழைக்காலத்தில் கதவின் அடியில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. இப்போது முழுவதையும் சுரண்டி முதலிலிருந்து செய்கிறார்.

எங்கள் வண்டியில் கூரை, கதவு, பானெட் எல்லாம் நன்றாக இருந்தன. இடது பக்கப் பெட்டித் தகடு முழுக்கப் போய்விட்டது, டிக்கித் தரையில் என் உள்ளங்கை அளவு ஓட்டை, அதன் வழியாக எலி போய் சீட்டின் தேங்காய் நாரைப் பிடுங்கிக் கூடு கட்டியிருந்தது. தோப்பில் நின்ற வண்டிக்கு நார் சீட்டு, எலிக்கு வேறென்ன வேண்டும்.

இதற்குப் பிறகுதான் வழிகளை ஒப்பிட ஆரம்பித்தேன்.

பெரிய மாமாவின் வழி, அதாவது அசலாகச் செய்வது. கேட்க எளிதாக இருக்கிறது. அம்பாசடர் 1957இல் மாரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்து, மேற்கு வங்காளத்து உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம்வரை கிட்டத்தட்ட அதே உருவத்தில் ஓடிய வண்டி. அதனால் பாகம் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், பாதி உண்மை. கிளட்ச் பிளேட், வீல் சிலிண்டர், ஸ்டியரிங் ரேக், பட்டை, புஷ், இதெல்லாம் இன்றும் கிடைக்கிறது. ஆனால் எங்கள் வண்டியின் வகையான மார்க் 2க்கே உரிய கட்டம் போட்ட கிரில், டேஷ்போர்டு மீட்டர், பழைய மாதிரிக் கைப்பிடி, விளக்கு வளையம் என்று வந்தால், வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை. நான் கிரில் ஒன்றுக்கு விலை கேட்டுவிட்டு, இருக்கும் கிரிலையே ஒடுக்கு எடுத்து முலாம் போட்டுக்கொள்வது என்று திரும்பி வந்தேன்.

அசல் என்பதிலும் ஒரு சிக்கல். 1967இன் அசல் இன்றைய பெட்ரோலுக்குச் செய்யப்பட்டதல்ல. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது எரிந்து இன்ஜின் வால்வும் அது வந்து உட்காரும் வளையமான வால்வு சீட்டும் மோதும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து மெத்தை மாதிரி காத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். இந்த 1489 சி.சி. இன்ஜினின் ஹெட் வார்ப்பிரும்பு, வால்வு சீட்டும் அதே இரும்பில் குடைந்தது, அதனால் வேகமாக ஓட்ட ஓட்ட எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் புதையும். தேரோட்டம் மாதிரி ஓட்டினால் வருஷக்கணக்கில் தாங்கும், பைபாசில் மிதித்தால் தாங்காது. கெட்டியான சீட் ரிங் இறக்கிக்கொள்வதுதான் தீர்வு, கோயம்புத்தூரில் இதைச் செய்ய லேத்துக்குப் பஞ்சமா?

அடுத்தது எத்தனால். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் பேக்கிங் எல்லாம் அதில் ஊறி உப்பும் அல்லது விரிசல் விடும். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்குப் பரவாயில்லை, மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத்தான் ஆபத்து, ஏனென்றால் எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, அந்தத் தண்ணீர் அடியில் பிரிந்து நின்று டேங்க்கை உள்ளிருந்து துருவேற்றும். அதாவது விண்டேஜ் என்று பதிந்து, ஓட்டாமல் பூட்டி வைத்து, வருஷத்துக்கு ஒரு பேரணிக்கு மட்டும் எடுப்பவர்தான் அதிகம் கவனமாக இருக்கவேண்டும், நிறுத்தும்போது டேங்க்கை வடித்துவிட வேண்டும். ஹோஸ் மாற்றுவதும் சீட் ரிங் போடுவதும் வெளியே தெரியாது, அசல் என்ற பேருக்குப் பங்கமில்லை, எனவே இரண்டையும் யாராக இருந்தாலும் செய்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

சின்ன மாமாவின் இசுசு வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அம்பாசடர் வைத்திருக்கும் பத்துப் பேரிடம் கேட்டால் ஏழு பேர் இதைத்தான் சொல்கிறார்கள். இது முரட்டு யோசனையும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் கம்பெனியே இதே உடம்பில் 1817 சி.சி. இசுசு பெட்ரோல் இன்ஜினையும் 5 கியர் பெட்டியையும் வைத்து விற்றது. பழைய இன்ஜின் சுமார் 50 குதிரைத்திறன், இசுசு 75க்குப் பக்கம். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும், பழையதில் 70ஐத் தாண்டினால் வண்டி முனகும், இசுசுவில் அந்த வேகத்தில் பாட்டுக் கேட்கலாம்.

ஆனால் இன்ஜினை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. கியர் பெட்டி மாறும், அதனால் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும் கியர் தண்டு தரைக்கு வரும், தரையை வெட்டவேண்டும். மவுன்டிங் மாறும், பின்னால் ஓடும் ஷாஃப்டின் நீளம் மாறும், ரேடியேட்டர் மாறும், வேகம் கூடியதால் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டும். கியர் தண்டு தரைக்கு வந்தால் முன் பெஞ்ச் சீட்டின் நடுவில் யாரும் உட்கார முடியாது. சின்ன வயதில் நான் உட்கார்ந்த இடம் அதுதான், அப்புச்சி கியர் போடும் போதெல்லாம் முழங்கை என் தலையில் இடிக்கும். இது காரணமே இல்லை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

சட்டம் இன்னும் கறாராக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் அதையே அழுத்திச் சொன்னது. 1489 என்று எழுதியிருக்கும் ஆர்.சி.யில் 1817 வந்து உட்கார்ந்தால் அது மாறுபாடுதான், டீசல் இசுசு என்றால் எரிபொருளும் சேர்ந்து மாறுகிறது. "எல்லாரும் போடறாங்க மாப்பிள்ளை, யாரு பாக்கறா?" என்று சின்ன மாமா கேட்டார். ரோட்டில் போலீஸ்காரர் பார்க்காமல் போகலாம், விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் கட்டாயம் பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் மேல் ஓர் எளிய கேள்வி. இந்த வேலைக்கு இன்னொரு இசுசு அம்பாசடரைப் பாகத்துக்காக வாங்கி உடைக்க வேண்டும். ஏலத்தில் போன பழைய அரசாங்க வண்டி, ஓய்ந்த டாக்ஸி என்று கிடைக்கிறது. அப்படி ஒன்றை வாங்கத்தான் போகிறோம் என்றால், அதையே பேப்பரோடு நல்லதாகப் பார்த்து வாங்கி ஓட்டினால் என்ன? இசுசு அம்பாசடர் வேண்டுமென்றால் இசுசு அம்பாசடரை வாங்குவதுதான் மலிவு. ஒரு நல்ல வண்டியையும் ஒரு பழைய வண்டியையும் உடைத்து ஆர்.சி.யில் ஒட்டாத மூன்றாவது ஒன்றைச் செய்வதற்கு நான் தயாராக இல்லை. இதைச் சொன்னதும் சின்ன மாமா ஒரு வாரம் போன் எடுக்கவில்லை, பரவாயில்லை.

தம்பியின் மேட் கறுப்பு வழியைச் சீக்கிரமே முடித்துவிடுகிறேன். முழுக் கஸ்டம் என்பது தன்னளவில் கேவலமான விஷயமல்ல. திலீப் சாப்ரியாவின் டி.சி. நிறுவனம் அம்பாசடரை மூலமாக வைத்து 'அம்பியராட்' என்று ஒன்றைச் செய்தது, இணையத்தில் படம் கிடைக்கும், பார்த்தால் வாய் பிளப்பீர்கள். அதெல்லாம் கண்காட்சி மேடைக்கு. நம் ஊரில் கூரையை அறுத்துத் தாழ்த்தினால், பாடியே எலும்புக்கூடாக இருக்கும் வண்டியில் தூணை அறுக்கிறோம் என்று பொருள், அதை நேராகத் திருப்பிப் பற்றவைக்கும் கை எல்லாப் பட்டறையிலும் இருக்காது. எஃப்.சி. கிடைக்காது. விற்கப் போனால் உங்கள் ரசனையே உள்ள இன்னொருவரைத் தேடவேண்டும். யாரோ முன்பே கண்டம் செய்த, பேப்பர் இல்லாத ஓட்டை பாடி ஒன்று கிடைத்தால், அதை வைத்துக் கல்லூரி வாசலில் நிறுத்தும் காட்சிப் பொருள் செய்யலாம், தம்பிக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். கறுப்புப் பெயின்ட் மட்டும்தான் ஆசை என்றால் நிறத்தை மாற்றி ஆர்.சி.யில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் இந்த வண்டி வெள்ளைதான், அதில் பேச்சுக்கே இடமில்லை.

பாட்டரி வழியை, அதாவது இன்ஜினுக்குப் பதில் மின்மோட்டார் வைப்பதை, நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் யோசித்தேன். 52ஆம் பிரிவே இதற்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது. ஏ.ஐ.எஸ். 123 என்ற தரத்தில் புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி ஒரு சோதனை நிலையத்தில் தேறிய கிட்டை (மோட்டார், பாட்டரி எல்லாம் சேர்ந்த தொகுப்பு) முறைப்படி மாட்டினால் ஆர்.சி.யிலும் மின்சாரம் என்று எழுதித் தருவார்கள். எத்தனால் தொல்லை இல்லை, வால்வு இல்லை, டவுனுக்குள் ஓட்ட சுகம். எங்கே இடிக்கிறது என்றால், கிட் என்பது குறிப்பிட்ட வகை வண்டிக்குச் சோதித்து ஒப்புதல் வாங்கியதாக இருக்கவேண்டும், கையில் கிடைத்த மோட்டாரையும் செல்லையும் ஒரு கெட்டிக்காரப் பையனை வைத்து மாட்டிவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக முடியாது. அப்புறம் எடை. பாட்டரிப் பெட்டி டிக்கியில்தான் உட்காரும், அந்த டிக்கித் தரையில்தான் எலி போன ஓட்டை. பட்டை ஸ்பிரிங்கின் பின்காலும் அங்கேதான் மாட்டுகிறது. துருவேறிய தகட்டின்மேல் புதிதாக இருநூறு கிலோவை ஏற்றுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்ஜின் செத்து, பிளாக் வெடித்து, பாடி மட்டும் திடமாக இருக்கும் வண்டிக்கு இது நல்ல வழி. எங்களுடையது நேர் எதிர்.

இன்ஜின் சாகவில்லை என்று எப்படித் தெரியும்? இதை மட்டும் யாரும் அவசரப்படாதீர்கள். வருஷக்கணக்கில் நின்ற வண்டிக்குப் புது பாட்டரியை வைத்துச் சாவியைத் திருப்பும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், பிஸ்டன் ரிங் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த ஒரு திருப்பில் உடையும். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் அப்படியே விட்டோம். தினமும் போய் இன்னும் சில சொட்டு. அதற்குப் பிறகு பம்பர் வழியாக ஹேண்டிலை நுழைத்துக் கையால் அழுத்தினேன். முதல் நாள் அசையவில்லை. மூன்றாம் நாள் ஒரு கால் சுற்று, அப்புறம் அரை, அப்புறம் முழுதாகச் சுற்றியது. பெரிய மாமா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். ஆயில், பில்டர் மாற்றி, டேங்க்கை ஒதுக்கிவிட்டு ஒரு பாட்டிலில் பெட்ரோலைத் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தபோது நான்கு சிலிண்டரும் பிடித்தன, புகை மட்டும் தோப்பு முழுக்க.

எனவே நான் எடுத்தது நடுவழி. வெளியே பார்க்க 1967, அதே 1489 இன்ஜின், அதே நான்கு கியர், அதே பெஞ்ச் சீட்டு, பதிவு சாதாரணப் பதிவு. உள்ளே மட்டும், கழற்றினால் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றங்கள். எந்த வேலையைப் பற்றியும் டிங்கரிடமும் மெக்கானிக்கிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இதை நாளைக்குத் திருப்ப முடியுமா? முடியும் என்றால் செய்யலாம். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வேண்டாம், ஒரே ஒரு விதிவிலக்கு தவிர.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், திருப்பலாம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வழிவந்த வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் வயரிங் இருப்பதுண்டு, அதைப் பார்க்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் புகைந்துவிடும், முதலில் பாட்டரியின் எந்த முனை பாடியில் போகிறது என்று பாருங்கள். பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், திருப்பலாம். 5.90-15 பழைய மாதிரி டயருக்குப் பதில் ரேடியல், அதே வீலில், ரோட்டில் பிடிப்பே வேறு. முன் டிஸ்க் பிரேக் பிற்கால அம்பாசடரிலிருந்து, கழற்றி டிரம்மைப் பரணில் எண்ணெய் தடவி வைத்தால் அதுவும் திருப்பலாம். ஆனால் பிரேக்கை மாற்றுவதற்கு முன் எஃப்.சி. பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நான் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்யப்போகிறேன். அதுவரை நான்கு டிரம்முக்கும் புது வீல் சிலிண்டர், புது பைப்.

விதிவிலக்கு சீட் பெல்ட். மார்க் 2இல் பெல்ட் கிடையாது. இப்போது தரையும் பெட்டித் தகடும் திறந்து கிடக்கிறது, நடுத்தூணின் உள்ளேயும் தரைக்கு அடியிலும் கெட்டித் தகடு வைத்துப் பற்றவைத்து நட்டு இறக்கிவிட்டால் பிறகு தெரியவே தெரியாது. பெயின்ட் அடித்த பிறகு யோசித்தால் முடியாது. அப்புச்சியின் வண்டி அப்படியே இருக்கவேண்டும் என்பது சரி, ஆனால் முன்னால் உட்காரப் போவது என் பெண்.

பணம். நான் கேட்ட இடங்களில் நடுவழிக்குச் சொன்ன தொகை நாலரையிலிருந்து ஆறு லட்சம், அதில் பாதிக்கு மேல் தகடும் பெயின்ட்டும். அசலுக்கு அதற்கு மேல், கிரில், மீட்டர் மாதிரி சில்லறை கிடைப்பதைப் பொறுத்து முடிவே இல்லாமல் போகும். இசுசுவுக்கு முதலில் சொன்ன தொகை குறைவுதான், உடைக்கும் வண்டியின் விலையையும் தரை, பிரேக், ரேடியேட்டரையும் சேர்த்தால் நடுவழியைத் தாண்டிவிட்டது. மின்சாரத்துக்குச் சொன்ன தொகையைக் கேட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். இந்த எந்தத் தொகையும் விற்றால் திரும்ப வராது, அதை முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு சமாச்சாரம், மொத்த வேலையையும் ஒரே பட்டறையில் ஒப்படைக்காதீர்கள். தெரிந்தவர் ஒருவரின் பத்மினி மூன்று வருஷமாகக் கழற்றிய நிலையில் ஒரு ஷெட்டில் கிடக்கிறது, கழற்றிய பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், எந்த நட்டு எங்கே என்று அந்தப் பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை. நான் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்து, போல்ட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, 'இடது முன் கதவு கீல்' என்று சீட்டு எழுதி, அம்மாவின் பழைய மசாலா டப்பாக்களில் அடுக்கியிருக்கிறேன். டிங்கரிங் ஓரிடம், இன்ஜின் ஹெட் வேறிடம், சீட்டு வேலை வீட்டுக்கு வந்தே செய்பவர். காசை வேலை வேலையாகக் கொடுக்கிறேன், முன்பணம் என்று மொத்தமாக எங்கும் கொடுக்கவில்லை.

இன்றைய நிலவரம்: பெயர் மாற்றும் விண்ணப்பம் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருக்கிறது. இடது பெட்டித் தகட்டை அறுத்து எடுத்தாயிற்று, டிங்கர் அண்ணன் புதுத் தகட்டை மடித்துக்கொண்டிருக்கிறார், கதவைத் தொங்கவிட்டு இடைவெளி பார்த்த பிறகுதான் பற்றவைப்பேன் என்கிறார், அவசரப்படுத்தவில்லை. ஹெட் லேத்தில். பெரிய மாமா வாரத்துக்கு இரண்டு முறை பஸ் பிடித்து வந்து பட்டறையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். சின்ன மாமா போனை எடுக்க ஆரம்பித்துவிட்டார், இசுசுவை விட்டுவிட்டார், ஏ.சி.யை மட்டும் விடவில்லை. 50 குதிரையில் ஏ.சி.க்கு எத்தனை குதிரை கொடுப்பது மாமா என்று கேட்டேன். "மேடு வந்தா அணைச்சுக்கலாம் மாப்பிள்ளை" என்கிறார். ஆல்டர்னேட்டர் மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.